கோவில் கதவு பூட்டிக் கிடந்த எட்டு மாசம்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில இருக்க அண்ணன் அக்காமாருக்கும், தாராவி, சயான் கோலிவாடா, மலாட்னு மும்பையோட எல்லா மூலையிலருந்தும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ட்ரெயின் புடிச்சு வந்து உக்காந்திருக்க எல்லாருக்கும் தோத்திரம். "விசுவாசம் பலப்படுவது கோவிலிலா, அன்றாட வாழ்க்கையிலா"ங்கறது தலைப்பு, கோவில்னு நாம சொல்றது சர்ச்சத்தான், நான் அன்றாட வாழ்க்கைன்னு சொல்ற அணியில ரெண்டாவதா பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ரெண்டு விஷயத்த ரொம்ப அழுத்தமா வச்சாரு. ஒண்ணு, பைபிள்ல எபிரெயர் 10:25, சபை கூடிவருதல விட்டுவிடாதீங்கன்னு வசனமே சொல்லுதே, அப்புறம் என்ன பட்டிமன்றம்னு கேட்டாரு. ரெண்டாவது, அடுப்புல இருந்து ஒரு கரித்துண்ட தனியா எடுத்து வச்சா கொஞ்ச நேரத்துல அணஞ்சு போயிரும், கோவில விட்டு விலகின விசுவாசி அப்படித்தான்னாரு. ரெண்டுமே எனக்கு ரொம்பப் புடிச்சது, நானும் ஓய்வுநாள் பாடசாலையில இந்தக் கரித்துண்டக் கேட்டு வளந்தவதான்.

ஆனா அண்ணன் 25ஆம் வசனத்துக்கு ஒரு வசனம் மேல போயிருக்கணும். 24 என்ன சொல்லுது? "அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து"ன்னு இருக்கு. அதாவது கூடிவர்றதே எதுக்குன்னா, நம்மள ஏவி விடறதுக்கு. எங்க ஏவி விடறது? வெளியில, தெருவுக்கு, வீட்டுக்கு, வேலைக்கு. அந்தக் கரித்துண்டும் அப்படித்தான் நடுவர் ஐயா, அடுப்புல கரி எல்லாம் ஒண்ணா கிடந்து கனல்றது எதுக்கு, மேல வச்ச சோறு வேகறதுக்குத்தானே, சோறே வைக்காம கரிய மட்டும் கொளுத்தி வச்சு சூடா இருக்குன்னு சந்தோஷப்படற வீடு எங்கயாவது உண்டா?

இப்ப நான் என் வீட்டுக் கதைக்கு வரேன், ஏன்னா இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பெரிய சாட்சி அதுதான்.

2020 மார்ச் கடைசியில ஊரடங்கு வந்துச்சு, ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில முதல் கொரோனா கேஸ். நம்ம மகாராஷ்டிராவுல கோவில் கதவு திரும்பத் திறந்தது நவம்பர் 16ஆம் தேதி. கிட்டத்தட்ட எட்டு மாசம். ஈஸ்டர் ஆராதனை இல்ல, திருவிருந்து இல்ல, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற அசனம் இல்ல. எதிரணி சொல்றபடி விசுவாசம் கோவில்லதான் பலப்படும்னா, அந்த எட்டு மாசத்துல நாம எல்லாரும் அணஞ்சு போயிருக்கணும்.

எங்க வீடு பத்துக்குப் பன்னெண்டு ரூம், அதுல அம்மா, வீட்டுக்காரர், ரெண்டு பிள்ளைங்க, நான். பக்கத்து வீட்டுல ஒரு மராத்திக்கார அக்கா, அவங்களுக்கும் எனக்கும் தண்ணி தகராறு. விடியக்காலைல கொஞ்ச நேரம்தான் தண்ணி வரும், அவங்க மோட்டார் போட்டா எங்க குழாய்ல காத்துதான் வரும், ஒருநாள் நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன், அவங்களும் பேசுனாங்க, அதோட ரெண்டு வருஷம் முகம் பாக்கல. அந்த ரெண்டு வருஷமும் நான் ஒரு ஞாயிறு கூட கோவிலுக்குப் போகாம இருந்ததில்ல. மன்னிப்பப் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டேன், கண்ணீரோட ஆமென் சொன்னேன், வீட்டுக்கு வந்ததும் அவங்க கதவப் பாத்தா முகத்தத் திருப்பிக்குவேன். இத இங்க சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா நடந்தது அதுதான்.

மே மாசம் அவங்க வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ்னு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க, அவங்களும் மூணு பிள்ளைங்களும் வீட்டுக்குள்ளயே 14 நாள். எங்க அம்மாவுக்கு ஊரு தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், கல்யாணமாகி பம்பாய் வந்த நாள்லருந்து உலை வைக்கறப்பல்லாம் ஒரு புடி அரிசிய எடுத்து ஒரு பானையில போட்டுருவாங்க, பிடி அரிசி காணிக்கை, மாசக் கடைசியில பெண்கள் சங்கத்துல வந்து வாங்கிட்டுப் போவாங்க. கோவில் பூட்டினதால யாரும் வரல, பானை ரொம்பிருச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா அந்தப் பானைய என் முன்னாடி வச்சு, "இது ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சது, சங்கத்து ஆளு வர முடியாது, அந்தப் பிள்ளைங்க பசியா கிடக்கு, பொங்கி நீயே கொண்டு போ, சண்ட போட்டது நீதான"ன்னாங்க.

கஞ்சியும் துவையலும் எடுத்துக்கிட்டு அந்த நாலு அடி சந்துல நான் நின்னேன் பாருங்க, எனக்குக் கை நடுங்குச்சு. நோய்க்கு பயந்தும்தான், ஆனா அதவிட அந்தக் கதவத் தட்டறதுக்கு பயம். தட்டினேன். உள்ள இருந்து அவங்க, "அங்கயே வச்சுட்டுப் போங்க, கிட்ட வராதீங்க, உங்க பிள்ளைங்களுக்கு ஒட்டிரப் போவுது"ன்னாங்க. ரெண்டு வருஷம் நான் முகம் பாக்காத அந்த அக்கா என் பிள்ளைங்களப் பத்தித்தான் கவலப்பட்டாங்க. அன்னைக்கு ராத்திரி குடும்ப ஜெபத்துல "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு சொல்றப்ப எனக்கு அதுக்கு மேல வாய் வரல, அம்மாதான் முடிச்சாங்க.

மத்தேயு 5:23, 24ல ஆண்டவர் என்ன சொன்னாரு? காணிக்கையோட பலிபீடத்துக்கே வந்துட்ட ஒருத்தன்கிட்ட, உன் சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வச்சிட்டுப் போ, முன்பு ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு, பின்பு வந்து செலுத்துன்னாரு. போன்னு சொன்னது ஆண்டவர், அதுவும் பலிபீடத்துக்கு முன்னாடி நின்னவன. முன்பு, பின்பு, இந்த ரெண்டு வார்த்தையையும் நடுவர் ஐயா குறிச்சுக்கணும்னு கேட்டுக்கறேன்.

ஆரம்ப சபைக் காலத்துல கோவில் கட்டடமா இருந்துச்சு? அப்போஸ்தலர் 18 பாருங்க, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள்னு புருஷன் பொஞ்சாதி, யூதர் எல்லாம் ரோமை விட்டுப் போகணும்னு கிலவுதியு ராயன் கட்டளை போட்டதால கொரிந்துக்குப் பொழைக்க வந்தவங்க, தொழில் கூடாரம் பண்றது. அப்போஸ்தலர் பவுலும் அதே தொழில்தான், அவங்க வீட்லயே தங்கி கூட உக்காந்து வேல செஞ்சாரு. அப்புறம் 1 கொரிந்தியர் 16:19ல அவங்க வீட்டுலயே சபை கூடுதுன்னு எழுதறாரு. தாராவியில தோல் பட்டறையிலயும் தையல் மெஷின்லயும் உக்காந்திருக்க நம்ம ஆளுங்களுக்கு இதவிட சொந்தமான கதை வேற என்ன வேணும்.

கத்தோலிக்க சகோதரங்களும் வந்திருக்கீங்க. 2022 மே 15ஆம் தேதி ரோம்ல புனிதரா அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளைய எடுத்துக்கங்க. குருவானவர் இல்ல, திருவிதாங்கூர் அரசாங்கத்துல வேல பாத்தவரு. சொத்து நஷ்டமாகி மனசு ஒடஞ்சு இருந்தப்ப, முன்ன டச்சுக் கம்பெனியில இருந்து அப்புறம் அங்க படையில இருந்த டி லனாய்ங்கறவரு, எல்லாத்தையும் இழந்தும் விசுவாசத்த விடாத யோபுவோட கதையச் சொன்னாரு. வேல பாத்த எடத்துல, கூட இருந்த ஒருத்தர் சொன்ன ஆறுதல்தான். அதுலருந்து 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752ல விசுவாசத்துக்காக உயிர விட்டு ரத்தசாட்சி.

ஆபீஸ் விஷயம் ஒண்ணு சுருக்கமா சொல்லிடறேன். நான் அக்கவுண்ட்ஸ் பாக்கறவ. முன்ன வேல பாத்த எடத்துல பேங்க் லோனுக்காக குடோன்ல இல்லாத சரக்க இருக்கறதா காட்டி ஸ்டேட்மெண்ட் போடச் சொன்னாங்க. முடியாதுன்னேன். அந்த வருஷம் இன்கிரிமெண்ட் எனக்கு மட்டும் வரல, அதுக்கு ஈடா எந்த அற்புதமும் நடக்கல, பிள்ளைங்க ஃபீஸுக்கு கடன்தான் வாங்கினேன். ஆனா தானியேல் 6ஆம் அதிகாரம் அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. எருசலேம் ஆலயம் இடிஞ்சு போச்சு, பாபிலோன்ல அந்நிய ராஜாவுக்கு கீழ, ராஜாவுக்கு நஷ்டம் வராம கணக்கு வாங்கற வேல தானியேலுக்கு. எதிரிங்க தேடு தேடுன்னு தேடியும் அவர் வேலயில ஒரு குற்றமும் கண்டுபுடிக்க முடியல. சிங்கக் கெபியில, சிங்கங்க இருந்த குழியில, அவரப் போடறதுக்கு முன்னாடி அவருக்கு இருந்தது ஆபீஸ்தான். வீட்டு மாடியில தினம் மூணு வேளை முழங்கால் போட்டவரு அந்த உண்மையோடதான் வேலைக்குப் போனாரு. கோவிலே இல்லாத ஊர்லதான் அவரோட விசுவாசம் அந்த அளவுக்கு உறுதியா நின்னுச்சு.

கோவில் வேணாம்னு எங்க அணி சொல்லல. நவம்பர்ல கதவு திறந்தப்ப முதல் ஆளா போனவங்கள்ல நானும் ஒருத்தி, பெஞ்சத் தொட்டுப் பாத்து அழுதேன். அன்னைக்கு நான் பாடின பாட்டும் சொன்ன ஆமெனும் முன்ன மாதிரி இல்ல, ஏன்னா அந்த சந்துல கஞ்சிச் சட்டியோட நின்னதுக்கு அப்புறம் வந்த ஆராதனை அது.

இப்ப நாங்க ரெண்டு வீடும் மோட்டார ஒருநாள் விட்டு ஒருநாள் போடறோம். நாளைக்கு அவங்க முறை, நான் ராத்திரியே குடம் புடிச்சு வைக்கணும், அதனால இதோட முடிச்சுக்கறேன். தீர்ப்பு நடுவர் ஐயா கையில. தோத்திரம்.