நெய்யுண்ணோம் என்று பாடிய பிள்ளைக்குப் பால்கோவா பரிசு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பிள்ளைகளிடம் ஆன்மிகத்தை வளர்ப்பது வீடா, வகுப்பா என்பது தலைப்பு. நான் வீட்டுக்காகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தோழி சற்றுமுன் கேட்டார்: "வயதுக்கு ஏற்ற மாதிரி வகுத்துச் சொல்ல வகுப்பால்தான் முடியும், வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?" நேரம் இல்லைதான் அம்மா. ஆனால் இது நேரம் ஒதுக்கிச் செய்கிற காரியமா?

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டி திருநீறு பூசுகிறாள். கண்ணில் விழாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொள்கிறாள். சிவன் யாரென்று பிள்ளைக்குத் தெரியாது, அந்தக் கை தெரியும். அந்த வயதுக்கு அவ்வளவுதான் பாடம்.

ஏழெட்டு வயதுதான் வம்பு பிடித்த வயது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும். என் மகள் திருப்பாவை வகுப்புக்குப் போனாள். 30 பாசுரமும் மனப்பாடம். அந்தப் பெருமை வகுப்புக்கே, நான் பங்கு கேட்கவில்லை. போட்டி மேடையில் இரண்டாம் பாசுரத்தை, "நெய்யுண்ணோம் பாலுண்ணோம்" என்று கணீரெனப் பாடினாள். பரிசு என்ன தெரியுமா? ஒரு டப்பா பால்கோவா! "பால் சாப்பிட மாட்டோம்னு பாடினதுக்குப் பால்கோவாவா?" என்று அங்கேயே கேட்டிருக்கிறாள். "பேசாம வாங்கிக்கோ, அடுத்த பிள்ளை நிக்குது" என்று பதில் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அதே கேள்வியைப் பாட்டியிடம் கேட்டாள். என் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "27ஆம் பாட்டு வரைக்கும் பொறு. அதே ஆண்டாள் முழங்கை வழிய நெய் விட்டுச் சாப்பிடுவா. தனியா இல்லடி, எல்லாரோடயும் கூடி உட்கார்ந்து." அடுத்த மார்கழியில் யாரும் சொல்லாமலே என் மகள் நெய் சாப்பிடுவதை நிறுத்தினாள். அந்த 27ஆம் பாட்டைப் பாடும் கூடாரவல்லியன்று, நெய் வழியும் அக்காரவடிசலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடினாள்.

எல்லா மதத்திலும் இதுதான் கதை. ஓதக் கற்றுத் தருவது மதரசா, ஒப்புக்கொள்கிறேன். ரமலான் நோன்புக்கு விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு என்னையும் எழுப்புங்கள் என்று அடம்பிடித்து, மதியம்வரை தாக்குப்பிடித்து, "அரை நோன்பு வெச்சேன்" என்று அந்தப் பிள்ளை மார்தட்டுவது உம்மாவிடம்தானே?

அப்புறம் பதினாறு வயது. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் மதுரையில் படித்தது அமெரிக்கன் மிஷன் பள்ளியில். சிற்றப்பா இரவல் வாங்கி வந்த பெரியபுராணம் வீட்டில் இருந்தது, எடுத்துப் படித்தார். யாரும் பாடமாக வைக்கவில்லை, தேர்வும் இல்லை. 1896இல் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுப் போய் ரமணர் ஆனார். "வீட்டை விட்டு ஓடினவரை வீட்டுக்குச் சாட்சியாக அழைக்கிறீர்களே" என்று எதிரணி சிரிக்கிறது. சிரியுங்கள். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனாரே, அந்தக் கணக்கை எந்த வகுப்பில் படித்தார்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். எனக்கும் பதினாறு வயது வந்தது. ரமணர் மாதிரியெல்லாம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "சாமியே கிடையாதுன்னு நினைக்கிறேன்" என்றேன். இதை வகுப்பில் சொல்லியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும். அம்மா திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சரி, நெனச்சுக்கோ. எண்ணெய் தீரப்போகுது, எடுத்துட்டு வா" என்றார்.

எடுத்துவந்து கொடுத்தேன்.