முதுகைக் காட்டி மேடேறிய கார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். காரை உலகத்துக்குத் தந்தது கார்ல் பென்ஸா, ஹென்றி ஃபோர்டா? நாங்கள் ஃபோர்டு அணி.

1886 ஜனவரி 29-ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மூன்று சக்கரம், ஒற்றை சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன். ஒப்புக்கொள்கிறேன், போதுமா? ஆனால் எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "ஃபோர்டின் மாடல் டி மேட்டைக் கண்டால் முதுகைக் காட்டும்." நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆமாம் அய்யா, காட்டும்! செங்குத்து மேடு என்றால் சில நேரம் ரிவர்ஸில்தான் ஏறும். ஏன்? பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சீட்டைத் தூக்கிக் குச்சி விட வேண்டும். பெட்ரோல் பம்ப் கிடையாது. நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மாதிரி, தானாக இறங்கித்தான், என்ஜினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்குப் போகும். மூக்கைத் தூக்கி ஏறினால்? கார்புரேட்டர் மேலே, டேங்க் கீழே. பெட்ரோல் குறைவாக இருந்தால் என்ஜின் இருமும், விக்கும், நின்றே போகும். திருப்பிப் போடுங்கள்: டேங்க் மேலே போச்சு, என்ஜின் கீழே வந்தாச்சு!

இன்னும் கேளுங்கள். லோ கியரில் என்ஜின் 2.75 சுற்று சுற்றினால் கியரிலிருந்து வெளிவருவது 1 சுற்று. ரிவர்ஸில் 4 சுற்றுக்கு 1. இழுவை எதில் அதிகம்? கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள். அதுவும் பெடலை மிதித்தால் இறுகிப் பிடிக்கிற லோ கியர் பட்டையில் இருக்கிற பருத்தித் துணி, தினம் மிதிபட்டுத் தேய்ந்து வழுக்கும். ரிவர்ஸ் பட்டை புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். டிரைவர் நடு பெடலை மிதிப்பார். அதுதான் ரிவர்ஸ். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே, வலது கையில். கழுத்தைத் திருப்பி, கையால் முடுக்கி, பின்னாலேயே... ஏறிட்டார் அய்யா!

உங்கள் பென்ஸ்? 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் அந்தக் காரை ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். அந்த அம்மாவுக்கு என் கும்பிடு. மேடு வந்ததும் என்ன ஆச்சு? பெற்ற பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்! எங்கள் வண்டி முதுகைக் காட்டி ஏறியது. உங்கள் வண்டிக்கு முதுகில் கை வைக்க வேண்டியிருந்தது.

விலையைப் பற்றியும் பேச வந்தேன். 1908-ல் 850 டாலர், 1920-களின் நடுவில் 300-க்கும் கீழே. ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஓடும் அசெம்பிளி லைன் வந்ததும் ஒரு சேஸி, அதாவது காரின் அடிச்சட்டம், பூட்டும் வேலை 12.5 மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரமானது. நடுவர் குறித்துக்கொள்ளட்டும். எனக்கு வேறொன்று சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் கார் வாங்கியவர்களில் கிராமத்து டாக்டர்கள் நிறைய. நினைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பண்ணைக் காடு, மழை ராத்திரி, முழங்கால் சேறு. மேட்டின் உச்சியில் ஒற்றை வீடு. உள்ளே பிரசவ வலி. ஜன்னலில் ஒரு சின்னப் பெண் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஹெட்லைட் வெளிச்சம் வரவே இல்லை. எப்படி வரும்? டாக்டர் ரிவர்ஸில் ஏறுகிறார். செல்ஃப் ஸ்டார்ட்டர் இல்லாத மாடல் டி-யில் பின்விளக்கு மண்ணெண்ணெய் விளக்கு. இருட்டில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும், ஆடி ஆடி, மேலே, மேலே...

"அம்மா, டாக்டர் வந்துட்டார்!"