இரும்பு காந்தம் இழக்கும் இடம்: ஐசிங் மாதிரியைக் கணினியில் ஓட்டுவது

அவையோருக்கு வணக்கம்.

இரும்பைச் சூடேற்றிக்கொண்டே போனால் 770 டிகிரி செல்சியஸில் அதன் நிலைக்காந்தத் தன்மை போய்விடுகிறது. இரும்பு உருகவில்லை, படிக அமைப்பும் அப்படியேதான் இருக்கிறது. பிறகு மாறியது எது? அணுக்களுக்கு இடையே இருந்த ஒழுங்கு.

இதற்கு வில்ஹெல்ம் லென்ஸ் 1920-இல் சொன்ன மாதிரி மிக எளியது; இதைத்தான் ஐசிங் மாதிரி என்கிறோம். ஒவ்வோர் அணுவும் மேலோ கீழோ பார்க்கும் ஓர் அம்பு. பக்கத்து அம்போடு ஒத்துப்போனால் ஆற்றல் குறைவு, முரண்பட்டால் கூடுதல். அவருடைய மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங் ஒற்றை வரிசைக்குக் கணக்குப் போட்டு 1925-இல் வெளியிட்டார். அதில் நிலைமாற்றமே, அதாவது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒழுங்கு குலைவதே, வரவில்லை. சதுர வலையில் அது வருகிறது. 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் அதன் வெப்பநிலையைத் துல்லியமாகக் கண்டார்: மாதிரியின் அலகில் (அண்டை அம்புகள் ஒத்துப்போனால் ஆற்றல் −1, முரண்பட்டால் +1) 2.269. நம் நிரல் சரியா தப்பா என்று உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

64-க்கு 64 வலை எடுங்கள், மொத்தம் 4096 அம்புகள். வலது ஓரத்தை இடது ஓரத்தோடும் மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடும் இணைத்துவிடுங்கள். ஏதாவது ஓர் அம்பைக் குலுக்கலில் தேர்ந்தெடுங்கள். அது மேலே பார்க்கிறது. அண்டையர் நால்வரில் மூவர் மேலே, ஒருவர் கீழே என்று வைத்துக்கொள்வோம். இதைத் திருப்பினால் ஆற்றல் 4 கூடும். 2.269 வெப்பநிலையில் அந்தத் திருப்பத்தை ஏற்கும் வாய்ப்பு 0.17. நால்வருமே மேலே என்றால் 0.03 தான். ஆற்றல் கூடாவிட்டால் கேள்வியின்றித் திருப்பலாம். ஆற்றல் மாற்றம் ஐந்தே மதிப்புகளில் அடங்குவதால், இந்த வாய்ப்பைத் தரும் அடுக்குக்குறிச் சார்பை முன்கூட்டியே அட்டவணையாக்கி வையுங்கள். நிரல் வேகமாக ஓடும்.

சறுக்கும் இடங்கள் சில உண்டு. காந்தமாக்கத்தை (மேல் அம்புக்கு +1, கீழ் அம்புக்கு −1 என்று கூட்டியதை) குறியோடு சராசரி எடுத்தால், சிறிய வலை நீண்ட ஓட்டத்தில் மொத்தமாக மேலும் கீழும் புரண்டு, விடையைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடும்; தனிமதிப்பையே எடுங்கள். கலைந்த நிலையிலிருந்து சட்டென்று குளிர்வித்தால் சில ஓட்டங்களில் வலை இரண்டு பட்டைகளாகப் பிரிந்து அப்படியே உறைந்துபோகும். படம் வரைந்து பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் பெரிய சிக்கல் நிலைமாற்றப் புள்ளியிலேயே இருக்கிறது. அங்கே ஒரே திசை பார்க்கும் திட்டுகள் வலையளவுக்கு வளர்கின்றன. ஒற்றை ஒற்றையாகத் திருப்பிக்கொண்டிருந்தால் திட்டின் ஓரம் மட்டும்தான் அரிபடும். வலையின் பக்கத்தை இருமடங்காக்கினால், பழைய நிலையை மறக்கவே சுமார் 18 மடங்கு வேலை ஆகும். அதற்குள் எடுத்த ஆயிரம் அளவீடுகளும் ஏறக்குறைய ஒரே அளவீட்டின் நகல்கள். அவற்றிலிருந்து போடும் பிழைக் கணக்கு பொய்க்கணக்கு. 1989-இல் உல்லி வோல்ஃப் தந்த வழி இதைப் பெருமளவு தீர்த்தது: ஒத்த அண்டையரை 0.586 வாய்ப்போடு சேர்த்துச் சேர்த்துத் திட்டை வளர்த்து, முழுத் திட்டையும் ஒரே வீச்சில் திருப்புவது.

ஒரே அளவு வலையை நம்பி வெப்பநிலையைச் சொல்லாதீர்கள். வலை சிறிதானால், நிலைமாற்றத்தைக் காட்டும் வெப்ப ஏற்புத்திறன் வரைபடத்தின் சிகரம் மழுங்கி, 2.269-ஐ விட்டு விலகி நிற்கும். 16, 32, 64 என்று மூன்று அளவுகளுக்கும் பைண்டர் விகிதத்தை (காந்தமாக்கத்தின் நான்காம் அடுக்கின் சராசரியை, இரண்டாம் அடுக்குச் சராசரியின் வர்க்கத்தோடு ஒப்பிடும் எண்) வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள்; நிலைமாற்ற வெப்பநிலை அங்கேதான்.

அண்டையர் நால்வரை அறுவராக்கினால் இதே நிரல் முப்பரிமாணத்துக்கும் ஓடும். அட்டவணையில் ஏழு மதிப்புகள் வேண்டும். அங்கே துல்லியத் தீர்வு இன்றுவரை இல்லை. நிலைமாற்ற வெப்பநிலை 4.51 என்று நாம் சொல்லும் எண் இப்படி எண்முறையில் கணக்கிட்டுப் பெற்றதுதான்.