1974இல் இரண்டு ஒப்பந்தங்கள்: ஒன்றுக்கு 41 வருடம், இன்னொன்றுக்குச் சில நாள்! யு.பி.எஸ்.சி. சர்வதேச உறவுகளை எப்படிப் படிப்பது?

[திரையில்: வயல் ஒன்றின் வான்வழிப் படம்]

வணக்கம். இந்த வயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஏக்கர். சணல் விளைகிற பூமி. பெயர் தஹாலா கக்ராபாரி. 2015 ஜூலை மாதம் வரைக்கும் இது இந்திய மண். இதைச் சுற்றி இருந்தது வங்கதேச மண். அந்த வங்கதேச மண்ணைச் சுற்றி மறுபடியும் இந்திய மண். அதையும் சுற்றி வங்கதேசம்! பொட்டலத்துக்குள் பொட்டலம், அதற்குள் இன்னொரு பொட்டலம். உலகத்தில் இப்படி மூன்று அடுக்கு இருந்த இடம் இது ஒன்றுதான். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு வங்கதேச விவசாயி. அதாவது, அவர் தினமும் இந்தியாவுக்கு வந்து களை பறித்துவிட்டுப் போனார்.

இந்த வயலுக்கும் ராமேஸ்வரத்துக்கு எதிரே கடலில் கிடக்கிற கச்சத்தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைப் பிடித்துவிட்டால் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் (மெயின்ஸ்) ஜி.எஸ்., அதாவது பொது அறிவு, இரண்டாம் தாளில் வெளியுறவுப் பகுதியை மட்டுமல்ல, அரசியலமைப்புப் பகுதியிலும் ஒரு துண்டை முடித்துவிடலாம். வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்க்காதீர்கள், நடுவில்தான் சரக்கு இருக்கிறது.

முதலில் சலிப்பான பகுதியை வேகமாகக் கடந்துவிடுவோம். மெயின்ஸில் ஜி.எஸ். இரண்டாம் தாள் 250 மதிப்பெண். மூன்று மணி நேரம், 20 கேள்விகள். அதில் சர்வதேச உறவுகளுக்கு வழக்கமாக நான்கு கேள்விகள், சுமார் 50 மதிப்பெண். பாடத்திட்டம் வெறும் நான்கு வரி: இந்தியாவும் அண்டை நாடுகளும், இந்தியா இருக்கிற அல்லது இந்தியாவைப் பாதிக்கிற கூட்டமைப்புகளும் ஒப்பந்தங்களும், பிற நாடுகளின் கொள்கைகள் நம் நலனை எப்படித் தொடுகின்றன என்பதோடு வெளிநாடுவாழ் இந்தியர்கள், சர்வதேச அமைப்புகள். அவ்வளவுதான். தமிழிலும் எழுதலாம்.

நான்கு வரி என்றதும் மனசு லேசாகிறதா? வேண்டாம். வரி குறைவாக இருக்கிற பாடத்திட்டம்தான் ஆபத்தானது. எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பலர் பயந்துபோய் உச்சி மாநாடு நடந்த ஊர், தேதி, கையெழுத்தான ஒப்பந்தங்களின் எண்ணிக்கை என்று நோட்டை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிர்: செய்திகளைப் பிறகு பாருங்கள். முதலில் ஒவ்வொரு நாட்டோடும் நமக்கு இருக்கிற தீராத வழக்கு என்ன என்று பாருங்கள். செய்தி வாரா வாரம் மாறும், வழக்கு மாறாது.

சரி, இப்போது அந்த வயல்.

[திரையில்: கூச்பிகார், ரங்பூர் வரைபடம்]

இன்றைய மேற்கு வங்கத்தில் இருக்கிற கூச்பிகாரின் மகாராஜாவும், இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற ரங்பூரின் ஃபவுஜ்தாரும் (முகலாயப் படை அதிகாரி) சதுரங்கம் ஆடி, கிராமங்களைப் பணயம் வைத்தார்கள். அதனால்தான் இந்தத் தீவுத்தீவான நிலங்கள் வந்தன என்று அந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். அருமையான கதை. விடைத்தாளில் மட்டும் எழுதிவிடாதீர்கள். முகலாயர்களுக்கும் கூச்பிகாருக்கும் இடையே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டைத்தான் வரலாற்றாசிரியர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது இந்தச் சிதறல்கள் அப்படியே மாட்டிக்கொண்டன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். உள்ளூரில் இவற்றுக்குச் சிட்மகால் என்று பெயர். 2011இல் இரண்டு நாடுகளும் சேர்ந்து கணக்கெடுத்தபோது சுமார் 51,000 பேர் இவற்றில் இருந்தார்கள். சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமென்றால், சட்டப்படி இன்னொரு நாட்டைக் கடக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசா வாங்கவும் அதே நாட்டைக் கடந்துதான் போக வேண்டும். சிரிக்கலாம், ஆனால் மின்சாரம், பள்ளிக்கூடம், போலீஸ் எதுவும் இல்லாமல் மூன்று தலைமுறை இப்படி வாழ்ந்தது.

இதைச் சரிசெய்ய இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் 1974 மே 16 அன்று நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசம் அதே வருடம் ஒப்புதல் கொடுத்துவிட்டது. இந்தியா எப்போது கொடுத்தது? 2015இல்! நாற்பத்தோரு வருடம். அதற்காக அரசியலமைப்பின் 100ஆவது திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது தேதியைக் கவனியுங்கள். மே 16க்கு ஆறு வாரம் கழித்து, அதே 1974 ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் டெல்லியிலும் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. இந்தியத் தரப்பில் அதே இந்திரா காந்தி. எதிர்த்தரப்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. பாக் நீரிணையில் எல்லைக்கோடு போடப்படுகிறது, கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறது. இது எப்போது நடைமுறைக்கு வந்தது? ஜூலை 8. பத்தே நாளில். அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் இல்லை.

ஒரே பிரதமர். ஒரே வருடம். இரண்டுமே எல்லை விவகாரம். ஒன்றுக்கு 41 வருடமும் ஒரு திருத்தமும், இன்னொன்றுக்குப் பத்து நாள். ஏன்?

[திரையில்: பெருபாரி, 1960]

விடை பெருபாரியில் இருக்கிறது. 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும், மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 1960இல் நீதிமன்றம் சொன்னது: இந்திய நிலத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் சாதாரணச் சட்டம் போதாது, 368ஆவது பிரிவின் கீழ் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். பாலிட்டி, அதாவது அரசியலமைப்புப் பாடம், படித்தவர்களுக்கு இதற்காகவே வந்த 9ஆவது திருத்தம் இப்போது ஞாபகம் வரும்.

அப்புறம் இன்னொரு வழக்கு. கட்ச் வளைகுடாப் பக்கம் ரண் பகுதியில் பாகிஸ்தானோடு இருந்த தகராறில் 1968இல் ஒரு தீர்ப்பாயம் முடிவு சொன்னது. அதற்கும் திருத்தம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 1969இல் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்றது. எல்லை எங்கே என்பதே சந்தேகத்தில் இருக்கும்போது அதை முடிவு செய்வது, நிலத்தை விட்டுக்கொடுப்பதாகாது, அரசே செய்யலாம்.

ஆக, மொத்த விவகாரமும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. கொடுத்தோமா, கோடு போட்டோமா? கச்சத்தீவு எப்போதுமே தகராறில் இருந்த தீவு, அதனால் இந்திய நிலம் எதையும் நாங்கள் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசு நீதிமன்றத்தில் எடுத்த நிலை. இல்லை, அது ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது, பெருபாரித் தீர்ப்பு இதற்கும் பொருந்தும் என்பது 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வாதம். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, நீங்களும் விடைத்தாளில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாதமும் எந்தத் தீர்ப்பில் ஊன்றி நிற்கிறது என்று காட்டினாலே போதும். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதில் நம்மவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. மீன்பிடி உரிமையை வெளிப்படையாக அடைத்தது 1976 மார்ச்சில் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். நெருக்கடி நிலைக் காலம் அது, தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி அந்த ஜனவரி 31ஆம் தேதிதான் கலைக்கப்பட்டிருந்தது. எனவே '1974இல் மீன்பிடி உரிமை பறிபோனது' என்று ஒரே வரியில் எழுதுவது அரைகுறை. கச்சத்தீவு திரும்பி வந்தால் மீனவர் பிரச்சினை முடிந்தது என்று எழுதுவதும் அப்படித்தான். கைதுகள் இலங்கையின் நெடுந்தீவுப் பக்கமும் நடக்கின்றன. கடலடியை வாரிக்கொண்டு போகிற அடிமடி இழுவை வலையால் வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலைகளும் கடலும் சேதமாகின்றன. இலங்கை 2017இல் அந்த முறையையே தடை செய்தது. இரண்டு கரையிலும் தமிழர்கள், இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. இதை எழுதாத விடை, மேடைப் பேச்சு.

'இதெல்லாம் கேட்பார்களா?' என்று கேட்கிறவர்களுக்கு: 2013இல், உள்நாட்டுக் காரணிகள் வெளியுறவுக் கொள்கையை எப்படிப் பாதிக்கின்றன என்பதை இந்திய-இலங்கை உறவை வைத்து விவாதிக்கச் சொன்னார்கள். 2022இல் இலங்கை நெருக்கடியில் இந்தியாவின் பங்கு பற்றிக் கேட்டார்கள். நாம் இவ்வளவு நேரம் பேசியது முதல் கேள்விக்கு அப்படியே விடை.

சரி, மற்ற நாடுகளுக்கும் இதே வேலைதான். வங்கதேசத்துக்கு டீஸ்டா ஆற்றுத் தண்ணீர், நேபாளத்துக்குக் காலாபானி என்கிற எல்லைப் பகுதி, சீனாவுக்கு எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே வழக்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே பக்கம். மேலே கையால் வரைந்த சின்ன வரைபடம், கீழே வழக்கு, அதற்குக் கீழே இரண்டு தரப்பு வாதம். பத்திரிகையில் புதுச் செய்தி வந்தால் அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி. பென்சில்தான், பேனா வேண்டாம், அழிக்க வேண்டியிருக்கும்.

எங்கிருந்து எடுப்பது? வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கூட்டறிக்கைகளும், நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விகளுக்கு அமைச்சர் கொடுத்த பதில்களும் இலவசமாகக் கிடக்கின்றன. அந்தப் பதில்கள் ரசமே இல்லாதவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசின் நிலை என்ன என்பது அங்கேதான் கலப்படமில்லாமல் இருக்கும்.

அமைப்புகள் பற்றி ஒரே வார்த்தை: பட்டியல் மனப்பாடம் முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸுக்கு. மெயின்ஸுக்கோ, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு ஏன் நடக்கவே இல்லை, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கை இந்தியா ஏன் தூக்கிப் பிடிக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

எழுதும்போது பத்து மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், ஏழு நிமிடம். பதினைந்துக்கு 250 சொல், பதினோரு நிமிடம். ஒரு விண்ணப்பம், கைகூப்பிக் கேட்கிறேன்: கடைசியில் 'பரஸ்பர நம்பிக்கையுடன் பேச்சுவார்த்தை மூலம் சுமுகத் தீர்வு காண வேண்டும்' என்று எழுதாதீர்கள். அந்த வாக்கியத்தை எந்த நாட்டுக்கும் எந்த வருடத்துக்கும் ஒட்டலாம், அதனால் அதற்கு மதிப்பே இல்லை. அதற்குப் பதில், இரண்டு கரை மீனவர் பிரதிநிதிகளும் நேரில் பேசும் ஏற்பாடு, இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற உதவி என்று நடக்கக்கூடிய எதையாவது எழுதுங்கள்.

[திரையில்: ஓமன் வளைகுடா வரைபடம்]

அடுத்த வீடியோ, ஈரானில் இந்தியா முதலீடு செய்த சாபஹார் துறைமுகம். அதற்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற குவாதர், 1958 வரைக்கும் ஓமன் சுல்தானுக்குச் சொந்தம், பாகிஸ்தான் அதை விலை கொடுத்து வாங்கியது, தெரியுமா? அது வருவதற்குள் ஒரு வேலை: 'சாபஹாரை இந்தியா விட்டுவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?' 150 சொல்லில் கமெண்டில் எழுதுங்கள். கடிகாரம் வைத்து, ஏழே நிமிடம். எழுதாமல் 'சூப்பர் அண்ணா' என்று மட்டும் போடுகிறவர்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.