கடல் இருந்த இடத்தில் பாலை

வணக்கம் நேயர்களே. கற்பனை உலகங்கள் பற்றிய இந்த வரிசையில் நிலவியல் பக்கமிருந்து ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். கடல் வற்றி உண்டான பாலைவனத்தை எடுத்துக்கொண்டேன். மாயக் கதைகள் படிப்பவர்களுக்கு அது பழகிய இடம். கணினி விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு இன்னும் பழக்கம். மணல்மேட்டில் சாய்ந்து கிடக்கும் கப்பல்கள், ராட்சத மீனின் எலும்புக்கூட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கும் வணிகர்கள், உப்புத் தரையில் வரிசையாகப் போகும் ஒட்டகங்கள். கடல் ஏன் வற்றியது என்று கேட்டால், யாரோ ஒரு முனிவர் சாபமிட்டிருப்பார், இல்லையென்றால் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் தேவர்களுக்குள் ஒரு போர் நடந்திருக்கும்.

எனக்கும் இந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் காரணத்தை அவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை, அந்த வசதிதான் எனக்கு உறுத்துகிறது. ஏனென்றால் இப்படி ஒரு பாலைவனம் நிஜமாகவே இருக்கிறது. அங்கே வலை வீசியவர்களில் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். கடலை வற்ற வைத்த முடிவுகள் தேதியோடு கோப்புகளில் இருக்கின்றன. கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே, ஆரல் கடல் இருந்த இடத்தில் பரந்து கிடக்கும் ஆரல்கும் பாலைவனத்தைத்தான் சொல்கிறேன்.

1960இல் ஆரல் கடலின் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். இலங்கைத் தீவை முழுசாக உள்ளே வைக்கலாம். உலகின் நான்காவது பெரிய ஏரி அது. உப்பு இருந்ததாலும், கரையில் நின்றால் மறுகரை தெரியாததாலும் கடல் என்றே அழைத்தார்கள். அதற்கு வெளியே போகும் வழி கிடையாது. பாமிர் மலையிலிருந்து அமு தரியா, தியான் ஷான் மலையிலிருந்து சிர் தரியா, இந்த இரண்டு ஆறுகளும் ஆண்டுக்குச் சுமார் 55 கன கிலோமீட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். நம் கணக்கில் 1,900 டி.எம்.சி.க்கு மேல். ஏறத்தாழ அதே அளவு ஆவியாகும். வரவும் செலவும் சரியாக இருந்தவரைக்கும் கடல் இருந்தது.

சோவியத் ஆட்சி அந்த வரவில் கைவைத்தது. பருத்திக்கு அங்கே ‘வெள்ளைத் தங்கம்’ என்று பெயர். மத்திய ஆசியாவின் வறண்ட நிலம் முழுவதையும் பருத்திக் காடாக்கத் திட்டம் போட்டு, இரண்டு ஆறுகளிலிருந்தும் வாய்க்கால்களை வெட்டினார்கள். அவற்றில் பெரியது 1954இல் தோண்டத் தொடங்கிய கரகும் கால்வாய். அமு தரியா நீரை மேற்கே துர்க்மெனிஸ்தான் பாலைவனத்துக்குள் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகிறது. பெரும்பகுதிக்கு அடியிலும் பக்கத்திலும் பூச்சு கிடையாது. மணலுக்குள் வெட்டிய வாய்க்காலில் ஆற்றைத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? வயலுக்குப் போய்ச் சேருமுன்பே கணிசமான நீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. 1980களில் சில ஆண்டுகள் இரண்டு ஆறுகளும் கடலைத் தொடவே இல்லை.

இது தெரியாமல் நடந்த விபரீதம் என்று பலர் நினைக்கிறார்கள். கடல் சுருங்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். மீனையும் பருத்தியையும் தராசில் வைத்துப் பார்த்தார்கள், பருத்தி கனமாக இருந்தது. பாலைவனத்துக்கு நடுவில் சும்மா ஆவியாகிப் போகும் தண்ணீர் வீண்தானே என்ற வாதத்தைப் படித்தவர்களே சொன்னார்கள். அவர்கள் தராசில் வைக்க மறந்தது உப்பை. அந்த உப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முய்னாக். உஸ்பெகிஸ்தானின் கரகல்பக்ஸ்தான் பகுதியில், தெற்குக் கரையில் இருந்த மீன்பிடித் துறைமுகம். ஆரல் கடலில் ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 டன் மீன் கிடைத்தது. முய்னாக்கில் அதை டப்பாவில் அடைக்கும் பெரிய தொழிற்சாலை இருந்தது. இந்தத் தெற்குக் கரையோரம் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல மேலோட்டமாக இருந்ததால், நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினாலே கரை பல கிலோமீட்டர் பின்வாங்கிவிடும். மீனவர்கள் விட்டுவிடவில்லை. படகு போக வாய்க்கால் வெட்டிக் கடலைத் துரத்திக்கொண்டே போனார்கள். அடுத்த ஆண்டு அந்த வாய்க்காலும் தரைதட்டும், மறுபடியும் நீட்டுவார்கள். ஒரு கட்டத்தில் கடல் வென்றது. கிடந்த இடத்திலேயே படகுகளை விட்டுவிட்டு வந்தார்கள்.

அப்புறம் நடந்ததை எந்தக் கதாசிரியரும் துணிந்து எழுதமாட்டார். 1980களின் தொடக்கத்தில் இங்கே மீன்பிடித் தொழில் முடிந்துபோனது. ஆனால் தொழிற்சாலையை மூட மனம் வரவில்லை. பால்டிக் கடலிலிருந்தும் இன்னும் தொலைவிலிருந்த கடல்களிலிருந்தும் உறைய வைத்த மீனை ரயிலேற்றிக் கொண்டுவந்து, கடல் போன ஊரில் டப்பாவில் அடைத்தார்கள். வடகரையில் இருக்கும் அரால்ஸ்க் ரயில் நிலையத்தில் ஒரு சுவர்ச் சித்திரம் இன்றும் இருக்கிறது. 1921இல் வோல்கா பகுதியில் பஞ்சம் வந்தபோது லெனின் கடிதம் எழுதிக் கேட்க, அரால்ஸ்க் மீனவர்கள் 14 வேகன் மீன் அனுப்பினார்கள். அந்தப் பெருமையைச் சொல்லும் சித்திரம் அது. பசித்தவனுக்கு மீன் அனுப்பிய ஊர் அறுபதே ஆண்டுகளில் மீனுக்கு வழியில்லாமல் நின்றது.

சரி, வற்றிய கடலின் தரை எப்படி இருக்கும்? கதைகளில் எல்லா இடமும் பொன்னிற மணல்தான். ஆரல்கும்மில் பழைய கரையோரம் மட்டும் அப்படி இருக்கிறது. அங்கே மணலில் சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள் கொட்டிக் கிடக்கும். துருப்பிடித்த படகின் நிழலில் மாடுகள் ஒதுங்கி நிற்கும் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே போகப் போக மணல் தீர்ந்து களிமண்ணும் உப்பும் வரும். மேலே வெளுத்த மெல்லிய பொருக்கு. கால் வைத்தால் அது நொறுங்கும், அடியில் மாவு மாதிரி உதிரியான உப்புத் தூள், அதற்கும் கீழே ஈரச் சேறு. நிலத்தடியில் இருக்கும் உப்புநீர் மேலே ஏறி ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மட்டும் மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் தூள் ஒவ்வொரு காற்றுக்கும் எழுந்துவிடும்.

திட்டக்காரர்கள் கணக்கில் எடுக்காத உப்பு இதுதான். கடல் வற்றினால் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதோடு பருத்தி வயல்களில் தெளித்த டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகளும், அறுவடைக்கு முன் இலையை உதிர்க்க அடித்த ரசாயனங்களும் வடிகால் நீரோடு கடலுக்குள் இறங்கிப் படிந்திருந்தன. தரை காய்ந்ததும் எல்லாம் ஒன்றாகக் காற்றில் கிளம்பின. விண்ணிலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளைப் புழுதி வால் தெரியும். எந்த வயல்களுக்காகக் கடல் வற்றியதோ அதே பருத்தி வயல்களின் மேல் அது போய் இறங்கியது. உப்பைக் கழுவ இன்னும் அதிகத் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. கரகல்பக்ஸ்தானில் தாய்மார்களுக்கு ரத்தசோகை, பிள்ளைகளுக்கு மூச்சுக்கோளாறு, ஊர் முழுக்கக் காசநோய். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1990களின் பிற்பகுதியில் அங்கே காசநோயோடு போராட வந்தது. வெயிலைத் தணித்தும் குளிரைத் தடுத்தும் வந்த பெரிய நீர்ப்பரப்பு போனதால் கோடை இன்னும் சுட்டது, குளிர்காலம் இன்னும் கடித்தது.

மாயக் கதை விரும்புகிறவர்களுக்காக இரண்டு தீவுகளைச் சொல்கிறேன். இப்போது இரண்டுமே தீவுகள் இல்லை.

ஒன்று பார்சகெல்மெஸ். போனால் திரும்ப முடியாது என்பது கசாக் மொழியில் அந்தப் பெயரின் பொருள். அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கித் திரும்பியவர்கள், ஊரில் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டதைக் கண்டார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. 1939இல் அதைக் காப்பகமாக்கினார்கள். 1950களில் குலான் என்ற காட்டுக் கழுதைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆரலின் நீர் லேசான உப்புதான், அதனால் அவை கடல்நீரையே குடித்துப் பெருகின. கடல் சுருங்கி உப்பு ஏற ஏற அந்த நீர் குடிக்க முடியாததாகிவிட, புது நிலத்தைத் தாண்டி வேறு இடம் தேடிப் போனது மந்தை.

மற்றது வொஸ்ரொஜ்தெனியா. மறுபிறப்பு என்று பொருள். அங்கே சோவியத் ராணுவம் கிருமி ஆயுதங்களைத் திறந்தவெளியில் சோதித்துப் பார்த்தது. நாற்புறமும் கடல், யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1971இல் அரால்ஸ்க் நகரில் திடீரென்று பெரியம்மை வந்து 10 பேரைப் பிடித்தது, 3 பேர் இறந்தார்கள். முதலில் நோய் கண்டவர் ஆரலில் சுற்றிவந்த ஓர் ஆய்வுக் கப்பலில் இருந்த இளம்பெண். தீவில் நடந்த சோதனையோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்தச் செய்தியே வெளியுலகுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தீவில் ஆந்த்ராக்ஸ் கிருமிகளைக் குழி தோண்டிப் புதைத்திருந்தார்கள். கடல் வற்ற வற்ற தீவு வளர்ந்து, 2001 வாக்கில் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. எலியும் நரியும் நடந்தே போய்வரலாம் என்ற நிலை வந்ததும், 2002இல் அமெரிக்க உதவியோடு அந்தக் குழிகளைத் திறந்து மருந்து கலந்து கிருமிகளை அழித்தார்கள்.

இந்தக் கடல் முன்பும் வற்றியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுவாக்கில் வடகிழக்குப் பகுதியின் வெறுந்தரையில் கெர்தெரி என்ற இடத்தில் ஒரு கல்லறைக் கட்டடத்தின் இடிபாடு தென்பட்டது. சுற்றிலும் திரிகைக் கற்கள், பானை ஓடுகள், ஆடுமாட்டு எலும்புகள். 14ஆம் நூற்றாண்டையொட்டி அங்கே ஓர் ஊரே இருந்திருக்கிறது, பிறகு கடல் வந்து மூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் அமு தரியா திசைமாறி மேற்கே சரிகமிஷ் பள்ளத்துக்கு ஓடியது. 1221இல் மங்கோலியப் படை நதிக்கரை அணைக்கட்டுகளை அழித்ததும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். “பார்த்தீர்களா, இயற்கையே முன்பு செய்ததுதானே” என்று இதைக் காட்டி வாதிடுபவர்களை எனக்கு ஏற்க முடியவில்லை. அன்று ஆறு வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பியது, கடலும் திரும்பியது. இன்று திரும்பி வர அந்த ஆறே வயல்களில் தீர்ந்துபோகிறது.

1980களின் முடிவில் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. வடக்கே சிர் தரியா கொண்டுவரும் கொஞ்ச நீரும் தெற்கே வழிந்து வீணானதைப் பார்த்து, 1990களில் உள்ளூர்க்காரர்களே மணலைக் குவித்துக் கரை கட்டினார்கள். 1999இல் அது உடைந்தது. பிறகு உலக வங்கிக் கடனோடு கசகஸ்தான் அரசு 13 கிலோமீட்டர் நீளத்தில் கோக்-அரால் அணையை 2005இல் கட்டி முடித்தது. நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும் என்று பொறியாளர்கள் நினைத்தார்கள், ஓராண்டுக்குள் நிரம்பிவிட்டது. உப்பு குறைந்தது, ஆற்றில் ஒதுங்கியிருந்த நன்னீர் மீன்கள் கடலுக்குத் திரும்பின. அதுவரை மீனவர்களைத் தாங்கியது, அசோவ் கடலிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்த உப்புத் தாங்கும் தட்டை மீன் ஒன்றுதான். நம் நாக்கு மீன் சாயலில் இருக்கும். அதைப் பிடிக்கும் முறையை 1990களில் டென்மார்க் மீனவர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். இன்று அரால்ஸ்க் பக்கம் மறுபடி மீன் பதனிடும் ஆலைகள் ஓடுகின்றன.

வடக்குக்குக் கிடைத்தது தெற்குக்குக் கிடைக்கவில்லை. 2014இல் தென்பகுதியின் கிழக்கு மடி முழுக்கக் காய்ந்தது. உஸ்த்யுர்த் மேட்டுநிலத்தின் செங்குத்துப் பாறையை ஒட்டிய ஆழமான மேற்குப் பட்டையில் மட்டும் மிச்ச நீர். மீன் வாழ முடியாத உப்பு. ஆனால் ஆர்ட்டீமியா வாழ்கிறது. நம் இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குப் போடுகிறார்களே, அதே உயிரி. அதன் முட்டைகளைச் சேகரித்து விற்பதுதான் அந்தக் கடலில் மிஞ்சியிருக்கும் அறுவடை.

வெறுந்தரையில் சக்ஸால் நடுகிறார்கள். இலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத, பச்சைக் குச்சிகளாக நிற்கும் பாலைவனப் புதர்மரம். வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், காற்றின் வேகத்தையும் உடைக்கும். 2018ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் உஸ்பெகிஸ்தான் இதைப் படையினர், டிராக்டர், விமானம் எல்லாம் வைத்துப் பெரிய அளவில் செய்கிறது. உழுது சால் போட்டால் அதில் மணலும் ஈரமும் தங்கும், நாற்று பிழைக்கும். உப்புக் களிமண்ணில் நட்டவற்றில் நிறைய செத்துப்போகின்றன, மணலில் பிடித்துக்கொள்கின்றன. கடலைக் கொண்டுவர முடியாது, புழுதியையாவது உட்கார வைக்கலாம் என்ற இந்தப் பொறுமையான வேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் 2022இல் அமு தரியாவில் இன்னொரு வாய்க்கால் தொடங்கிவிட்டது. வட ஆப்கானிஸ்தானில் கோஷ் தெபா கால்வாய், 285 கிலோமீட்டர். நதிநீரைப் பங்கிட்டுக்கொண்ட மத்திய ஆசிய நாடுகளின் 1992ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆப்கானிஸ்தானைச் சேர்க்கவே இல்லை. வறட்சியில் வாடும் ஆப்கன் விவசாயிக்கும் அந்த ஆற்றில் உரிமை உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. கவலையெல்லாம் கால்வாயைக் கட்டும் விதத்தில்தான். கரகும் கால்வாயைப் போலவே இதையும் பெரும்பகுதி பூச்சில்லாமல் வெறும் மண்ணில் வெட்டியிருக்கிறார்கள். வற்றிய கடலை வைத்துக் கதை எழுதும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், சாபமிட்ட முனிவரை விட்டுவிட்டு இந்த வாய்க்கால் வெட்டும் இடத்திலிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்கிப் பாருங்கள். எவ்வளவு தண்ணீர், யாருக்கு, மிச்சம் எங்கே போகிறது என்று உங்கள் பாத்திரங்களில் ஒருவராவது கேட்கட்டும். வணக்கம்.