காட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரம் யென்

நேயர்களுக்கு வணக்கம்.

"மேல்மலைக் காட்டைப் பேணினால் உங்கள் ஊருக்கு வரும் வெள்ளம் குறையும், அதற்கு ஆண்டுதோறும் இவ்வளவு தொகை வரியாகக் கட்டச் சம்மதமா?" என்று வீடு வீடாகக் கேட்டு, காட்டுக்கு மக்கள் தரும் மதிப்பைக் கணிப்பது சூழலியல் பொருளாதாரத்தில் நெடுநாளைய வழக்கம். ஆயினும் வாயால் சம்மதிப்பது வேறு, கையிலிருந்து கொடுப்பது வேறு. ஆகவே, மக்கள் உண்மையாகவே பணம் கட்டிவரும் ஜப்பானைப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டு மலைகளில் சுகி, ஹினோக்கி என்னும் ஊசியிலை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. இறக்குமதி மரம் பெருகி உள்ளூர் மரத்தின் விலை சரிந்ததும், நெருக்கமாக வளர்ந்தவற்றில் சிலவற்றை வெட்டி இடைவெளி விடும் வேலை பல மலைகளில் நின்றுபோனது. அத்தகைய தோப்புக்குள் நண்பகலிலும் இருட்டுத்தான். வெயில் படாத தரையில் புல்லும் செடியும் மடிந்து, கிளைகளிலிருந்து சொட்டும் மழைநீர் வெறும் மண்ணை அரித்து வேர்களை வெளியே காட்டிவிடுகிறது. சில மரங்களை வெட்டி வெளிச்சம் விட்டால் தரையில் மீண்டும் பசுமை படர்கிறது, மண்ணும் மழைநீரை உள்வாங்குகிறது.

இந்த வேலைக்காகவே, நிலப்பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் காடாக உள்ள கோச்சி மாகாணம், 2003-இல் நாட்டிலேயே முதன்முறையாக, குடியிருப்போர் வரியோடு ஆண்டுக்கு 500 யென் சேர்த்து வாங்கத் தொடங்கியது. அந்த வரிக்கு ஐந்தாண்டுக் கெடு உண்டு. கெடு முடிந்ததும் அரசு மக்களிடம் கணக்குச் சொல்லி மறுபடியும் கேட்டாக வேண்டும் என்பதே இதன் சிறப்பு என்று நான் கருதுகிறேன். பிற்பாடு முப்பதுக்கும் மேற்பட்ட மாகாணங்கள் இவ்வழியில் வந்தன.

2024 முதல் நாடு முழுவதும் ஆளுக்கு 1,000 யென் காட்டுவரி வாங்கப்படுகிறது. பேரிடர்ச் சீரமைப்புக்கென அதுவரை வாங்கிய 1,000 யென் நின்ற இடத்தில் இது வந்ததால் சுமை கூடியதாகப் பலர் உணரவில்லை. ஆனால், கேட்டுப் பெற்ற சம்மதம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரி வாங்கத் தொடங்கும் முன்பே, வேறு நிதியிலிருந்து பணம் எடுத்து உள்ளாட்சிகளுக்குப் பங்கிடுவது 2019-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் பத்தில் மூன்று பங்கு மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்பட்டதால், மலைக்கிராமங்களைவிட யோகோஹாமா போன்ற பெருநகரங்கள் அதிகம் பெற்றன. காடே இல்லாத சில நகராட்சிகளில் பணம் செலவாகாமல் சேர்ந்தது. கண்டனம் எழுந்த பிறகு, 2024-இல் அந்தப் பங்கு மொத்தத்தில் நூற்றுக்கு முப்பதிலிருந்து இருபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மண் முழுதும் நீரால் நிறைந்த பின் கொட்டும் பெருமழையில் எந்தக் காடும் வெள்ளத்தின் உச்சத்தைப் பெரிதாகத் தணிக்காது. 2017 ஜூலைப் பெருமழையில், கியூஷு தீவின் வடபகுதியில் சரிந்த மலைகளிலிருந்து மரங்கள் வேரோடு அடித்துவரப்பட்டுப் பாலங்களை அடைத்தன. பணம் கேட்கும்போது இந்த வரம்பையும் சொல்லிக் கேட்பதே நேர்மை.

பெருநகரங்களுக்குப் போகும் பங்கை இன்னும் குறைக்க வேண்டும், அல்லது அவை அதை ஆற்றின் மேற்பகுதிக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இது நடவாத காரியமன்று: அதே யோகோஹாமா, தன் குடிநீருக்காக, அண்டை மாகாணத்துத் தோஷி கிராமத்தில் 1916-இல் காடு வாங்கி இன்றுவரை பராமரித்து வருகிறது.

நன்றி, வணக்கம்.