சீசர் அழித்த சன்னல்

(புதுச்சேரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பின் வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி. கடலூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று என்னை முன்கூட்டியே மிரட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே நேரே குரங்குக்கு வந்துவிடுகிறேன்.

2011இல் வெளிவந்த 'ரைஸ் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்'. இயக்கியவர் ரூபர்ட் வயாட். 1968இல் வந்த மூலப் படத்தில் விண்வெளி வீரர்கள் ஒரு கிரகத்தில் போய் விழுகிறார்கள். அங்கே குரங்குகள் ஆள்கின்றன. மனிதர்கள் வாய் பேசாத விலங்குகளாகத் திரிகிறார்கள். அது நம் பூமிதான் என்பது கடைசிக் காட்சியில் தெரிகிறது. அந்தக் கதி எப்படி வந்தது என்று சொல்ல வந்த முன்கதைதான் இந்தப் படம்.

முன்கதை என்றதும், "முடிவுதான் தெரியுமே, பார்க்க என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. நம் வட்டாரத்தில் அப்படிக் கேட்கக் கூடாது. பாகூர்ப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் கர்ண மோட்சம் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். கர்ணன் சாகப்போகிறான் என்பது மடியில் தூங்கும் குழந்தையைத் தவிர அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை ஒருவரும் பாயைச் சுருட்ட மாட்டார்கள். பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் இடத்தில் என் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் புதிதாக அழுவாள்.

இந்தப் படத்தில் எனக்கு அப்படி ஓர் இடம் உண்டு. சண்டைக் காட்சி இல்லை, காலை உணவுக் காட்சி. மறதி நோய் முற்றிய முதியவர் சார்லஸ், கதையில் வரும் விஞ்ஞானியின் தந்தை, மேசையில் உட்கார்ந்திருக்கிறார். முள்கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காம்பால் முட்டையை வெட்டப் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கும், அந்த வீட்டில் வளரும் சிம்பன்சி, அதன் பெயர் சீசர், அதைப் பார்க்கிறது. எதுவும் நடக்காதது போல, அவர் கையிலிருக்கும் கரண்டியை மெல்லத் திருப்பி வைக்கிறது. அவ்வளவுதான். வீட்டில் நினைவு தப்பிய பெரியவர் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்தச் சைகை தெரியும். அவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காக நாம் சத்தமில்லாமல் செய்கிற காரியம் அது. அதைக் கணினியில் வரைந்த ஒரு குரங்கு செய்கிறது, எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இது எப்படி நடந்தது? 1968 படத்தில் ஜான் சேம்பர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் ரப்பர்த் துண்டுகளை நடிகர்களின் முகத்தில் ஒட்டிக் குரங்காக்கினார். அந்நாளில் ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கர் கிடையாது. அவருக்குக் கௌரவ விருது கொடுத்தார்கள். 2011இல் ரப்பர் போய்விட்டது. சீசர் வேடத்துக்கு ஆண்டி செர்கிஸ் என்ற நடிகர், உடம்பெல்லாம் குறிப்பான்கள் தைத்த உடை, முகத்தில் புள்ளிகள், தலையிலிருந்து நீண்டு முகத்தையே முறைக்கும் ஒரு சிறு கேமரா, இவற்றோடு மற்ற நடிகர்களின் நடுவிலேயே நின்று நடித்தார். நியூசிலாந்தின் வெட்டா டிஜிட்டல் கலைஞர்கள் அந்த நடிப்பின்மேல் தோலும் மயிரும் போர்த்தினார்கள். அதற்குமுன் இப்படிப்பட்ட பதிவு பெரும்பாலும் நாலு சுவருக்குள் தனிக் கூடத்தில்தான் நடக்கும். இவர்கள் அதைப் பகல் வெளிச்சத்தில் வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை அந்நியமில்லை. அதே 2011இல்தான் இங்கே நம் தாவரவியல் பூங்காவை விலங்குக் காட்சிசாலையாக மாற்றி 'லைஃப் ஆஃப் பை' எடுத்தார்கள். அதில் வரும் புலி பெரும்பாலும் கணினியில் பிறந்த புலி. அதைப் படைத்த நிறுவனம் ஆஸ்கர் மேடை ஏறுவதற்குச் சில நாட்கள் முன்புதான் திவாலாகி மனுக் கொடுத்தது. மாயம் காட்டுகிறவன் வயிறு காய்வது கூத்துக்காரரோடு நின்றுவிடவில்லை.

சீசரின் முதல் சொல்லுக்கு வருவோம். வளர்ந்த வீட்டைவிட்டுக் கொண்டுபோய் அடைத்துவைத்த குரங்கு அடைப்பில், மின்தடியால் சித்திரவதை செய்யும் காவலாளியின் கையைப் பிடித்து நிறுத்தி, சீசர் ஒரே ஒரு சொல் சொல்கிறது: முடியாது. தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றது. குரங்கு பேசுவது நமக்குப் புதிதா என்ன? அனுமனைக் கண்ட மாத்திரத்தில் இராமனைக் கொண்டு 'சொல்லின் செல்வன்' என்று சொல்ல வைத்தவன் கம்பன். மார்பில் அம்போடு கிடந்து, மனிதனைப் பார்த்து நியாயம் கேட்ட வாலி நம்மவன். அவர்கள் வாயைத் திறந்தால் வாதம் அருவியாகக் கொட்டும். சீசருக்கு அந்த இடத்தில் வாய்த்ததோ ஒரு சொல். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசாமல் கண்ணாலேயே அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால், அந்த ஒன்று போதுமானதாக இருக்கிறது. 'அது' என்று தொடங்கி 'அவன்' என்று சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா? படம் செய்கிற வேலை அதுதான்.

இனிக் குறைகள். குரங்குகளுக்குக் கொட்டிய உழைப்பில் கால்வாசியை மனிதர்களுக்குக் கொடுத்திருக்கலாம். விஞ்ஞானியாக வரும் ஜேம்ஸ் ஃப்ராங்கோ கவலைப்படுகிறார். படம் முழுக்கக் கவலை மட்டுமே படுகிறார். நம் நாட்டு நடிகை ஃப்ரீடா பின்டோ விலங்கு மருத்துவராக வந்து, அவர் பக்கத்தில் நிற்கிறார். முதலாளிக்குப் பணத்தாசை, காவலாளிக்குக் கொடுமைப் புத்தி. அதற்குமேல் ஒரு வரி கிடையாது. கூத்தில் கட்டியங்காரனுக்குக்கூட இதைவிட மனம் உண்டு.

தருக்கமும் அங்கங்கே ஓட்டை. கோடிகளைக் கொட்டி மருந்து ஆராயும் கூடம் அது. சோதனைக்கு வைத்திருக்கும் பெண் சிம்பன்சி கருவுற்று, குட்டியும் போட்டிருக்கிறது. அது வெறிபிடித்து ஓடும்வரை ஒருவருக்கும் தெரியாதாம்! எங்கள் தெருவில் பசு சினைபட்டால் மூன்றாம் வீட்டுக்காரர் சீம்பாலுக்குச் சொல்லி வைத்துவிடுவார். பழைய படத்தின் புகழ்பெற்ற வசைமொழியை எடுத்து இந்தக் காவலாளியின் வாயில் வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் கைதட்டலாம், ஆனால் சீசர் வாய் திறக்கப்போகும் நொடியில் ரசிகனுக்குக் கண்ணடிப்பது எதற்கு?

இவையெல்லாம் சில்லறை. பெரிய குறை வேறு. இந்தக் கதையின் மூலம் ஒரு பிரெஞ்சு நாவல், 1963இல் வந்தது. எழுதியவர் பியேர் பூல். அவர் பொறியாளர், இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்நாளில் அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய நம் ஜனங்கள். எஜமானும் ஏவலாளும் ஒரே மண்ணில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அன்றாடம் பார்த்த மனிதர் அவர். அவர் நாவலில் மனிதகுலம் எப்படி வீழ்கிறது? சோம்பலால். எல்லா வேலையையும் குரங்குகளிடம் விட்டுவிட்டு, கடைசியில் சிந்திப்பதையும் விட்டுவிடுகிறார்கள். ஏவலாட்கள் மெல்ல மெல்ல வீட்டுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

2011 படத்தில்? மறதி நோய்க்குக் கண்டுபிடித்த மருந்து குரங்குக்கு அறிவைக் கொடுக்கிறது, மனிதனைக் கொல்கிறது. விமானி ஒருவர் மூக்கில் ரத்தத்தோடு விமான நிலையத்துக்குப் போகிறார், உலக வரைபடத்தில் கோடுகள் பரவுகின்றன, படம் முடிந்தது. பேராசைக்கார முதலாளி ஒருவனைத் திட்டிவிட்டு, மிச்சப் பழியைக் கிருமியின் தலையில் கட்டிவிட்டு, நாம் நிம்மதியாக வண்டியை எடுக்கப் போகலாம். நாவலில் இருந்த கண்ணாடி இங்கே இல்லை.

ஆனால் படமே தன் கதையை ஓரிடத்தில் மறுத்துப் பேசுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சீசரை அடைப்பில் விட்டுவிட்டுப் போன பிறகு, அவன் சாக்பீஸால் சுவரில் ஒரு சன்னலை வரைகிறான். வளர்ந்த வீட்டின் மாடியறைச் சன்னல். அங்கே உட்கார்ந்துதான் தெருப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வரைந்த சன்னலில் சாய்ந்துகொண்டு, அழைத்துப் போக வருவார்கள் என்று காத்திருக்கிறான். வளர்த்த விஞ்ஞானி வருகிறார், அன்று கூட்டிப்போக முடியாமல் திரும்புகிறார். கொஞ்ச நேரம் கழித்து அவன் உள்ளங்கையால் அந்தக் கோடுகளைத் தேய்த்து அழிக்கிறான்.

மற்றக் குரங்குகளுக்கும் அறிவூட்டும் மருந்துப் புட்டிகள் வருவது அதற்குப் பிறகுதான்.

அங்கே ஒரு பெரியவர் கை தூக்குகிறார். கேளுங்கள் ஐயா.